அத்தியாயம் 6: பழச்சாற்றில் கலக்கும் உலோகங்கள்

பழச்சாறு எதுவானாலும் அதில் புளிப்பு உண்டு. நாக்குக்குத் தித்திப்பாகத் தெரியும் ஆப்பிள் சாற்றின் பி.எச். அளவுகூடப் பெரும்பாலும் 4க்குக் கீழேதான் இருக்கும். ஆப்பிளில் மாலிக் அமிலம், எலுமிச்சையிலும் ஆரஞ்சிலும் சிட்ரிக் அமிலம், திராட்சையில் டார்டாரிக் அமிலம். இந்த மூன்றுமே உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தம்மோடு சேர்த்துக்கொள்ளக் கூடியவை. பழம் பிழியப்பட்ட நொடியிலிருந்து உங்கள் டம்ளருக்கு வந்து சேரும்வரை சாறு எதையெல்லாம் தொட்டதோ, அதில் ஒரு துளியாவது சாற்றுக்குள் இருக்க வாய்ப்புண்டு.

அப்படிச் சேரும் காரீயத்தையோ ஆர்சனிக்கையோ கண்ணால் பார்க்க முடியாது. மணம், ருசி எதிலும் அது காட்டிக்கொடுக்காது. எப்போதாவது ஒரு டம்ளர் குடிப்பவர் இதற்காகக் கலங்க வேண்டியதில்லை. ஒரே வகைச் சாறு, பொருத்தமில்லாத பாத்திரம், தினசரிப் பழக்கம், சின்ன உடம்பு ஆகிய நான்கும் ஒரு வீட்டில் கூடிவிட்டால்தான் ஆபத்து வளர்கிறது. இந்த நான்கில் ஒவ்வொன்றையும் எப்படித் தளர்த்துவது என்பதைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது.

கவனிக்க வேண்டிய உலோகங்கள்

காரீயம்: மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பெரியவர்களுக்கு ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகக் கோளாறையும் கூட்டும். உடலுக்குள் போனதில் பெரும்பகுதி எலும்பில் தங்கிப் பல ஆண்டுகள் அங்கேயே கிடக்கும். இவ்வளவுவரை பாதுகாப்பு என்று சொல்ல ஓர் அளவே தெரியவில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

ஆர்சனிக்: இதில் கரிமம், கனிமம் என இரண்டு வடிவங்கள் உண்டு. ஆபத்து அதிகம் கனிம ஆர்சனிக்கில். நீண்ட காலம் உடலில் சேர்ந்தால் தோல், சிறுநீர்ப்பை, நுரையீரல் புற்றுநோய்களுக்கு வழிவகுக்கும்.

காட்மியம்: சிறுநீரகத்தில் சேரும், பத்து முதல் முப்பது ஆண்டுகளானாலும் பாதிதான் வெளியேறும். மண்ணிலிருந்து வேர் வழியாகப் பயிருக்குள் ஏறக்கூடியது. புகைபிடிப்பவர்களுக்கு இது புகையிலை வழியாகவே ஏராளமாகச் சேர்ந்துவிடுகிறது.

வெள்ளீயம், செம்பு: மேலே சொன்ன மூன்றும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து கெடுப்பவை. இவை இரண்டும் அளவு மிஞ்சினால் அன்றைக்கே குமட்டல், வாந்தி, வயிற்றுப் பிடிப்பு எனக் காட்டிவிடும். இவை பெரும்பாலும் வீட்டுப் பாத்திரத்திலிருந்தும் தகர டின்னிலிருந்தும் வருபவை என்பதால், தடுப்பது நம் கையிலேயே இருக்கிறது.

எந்த வழியாக வருகின்றன?

*மண்.* அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1892இல் அந்துப்பூச்சிகளை ஒழிக்கக் காரீய ஆர்சனேட் என்ற மருந்தைத் தெளிக்கத் தொடங்கினார்கள். ஆப்பிளைத் துளைக்கும் புழுவுக்கும் அதுவே மருந்தானது. 1940களின் பிற்பகுதியில் டி.டி.டி. புழக்கத்துக்கு வரும்வரை ஆப்பிள் தோட்டங்களில் ஆண்டுதோறும் இதை அடித்தார்கள். அங்கே அதிகாரபூர்வத் தடை வந்தது 1988இல்தான். காரீயமும் ஆர்சனிக்கும் மட்கிப் போகிற பொருள்கள் அல்ல. தெளித்தவர்கள் காலமான பிறகும் அந்தத் தோட்டங்களின் மேல்மண்ணில் அவை இருக்கின்றன. கீழே விழுந்த பழத்தில் ஒட்டிய மண்ணும், பழத்தின் மீது படிந்த தூசியும் சரியாகக் கழுவப்படாவிட்டால் சாற்றோடு போகும்.

*தண்ணீர்.* கடையில் கிடைக்கும் பெட்டிச் சாறுகள் பெரும்பாலும் அடர்சாற்றில் தண்ணீர் சேர்த்துத் தயாரிக்கப்படுபவை. ஆகவே சேர்க்கும் தண்ணீரின் தரமும் சாற்றின் தரத்தில் அடங்கும். மேற்கு வங்கம், வங்கதேசம் போலச் சில பகுதிகளில் நிலத்தடி நீரிலேயே ஆர்சனிக் இருக்கிறது.

*ஆலை.* கலங்கல் இல்லாத ஆப்பிள் சாற்றைப் பெற, டயாட்டம் மண் என்ற நுண்ணிய பொடியில் வடிகட்டும் முறை உண்டு. அந்தப் பொடியில் இயற்கையாகவே உள்ள ஆர்சனிக்கில் சிறு பங்கு சாற்றில் இறங்கக்கூடும். குழாய், வால்வு, பற்றவைப்பு ஆகியவற்றில் காரீயம் கலந்த பித்தளையோ வெண்கலமோ இருந்தால் அதுவும் ஒரு வழி.

ஆலை வழியாக எவ்வளவு தூரம் கேடு வரும் என்பதற்கு இங்கிலாந்தின் டெவன் மாவட்டம் சாட்சி. ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் சைடர் அங்கே உழைப்பாளி மக்களின் அன்றாடப் பானம். 18ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு நோய் பரவலாக இருந்தது. தாங்க முடியாத வயிற்றுவலி, மலச்சிக்கல், முற்றினால் கைகள் செயலிழந்து தொங்கிப்போதல். 'டெவன் வயிற்றுவலி' என்றே பெயர் வந்துவிட்டது. சைடரின் புளிப்புதான் காரணம் என்று பலரும் நம்பினார்கள். டெவனில் பிறந்த மருத்துவர் ஜார்ஜ் பேக்கர் வேறொன்றைக் கவனித்தார்: ஹியர்ஃபர்ட் மாவட்டத்திலும் மக்கள் இதே சைடரைத்தான் குடிக்கிறார்கள், அங்கே இந்த நோய் இல்லை. இரண்டு ஊர்ச் செக்குகளையும் ஒப்பிட்டபோது விடை கிடைத்தது. டெவனில் ஆப்பிளை நசுக்கும் கல்தொட்டியின் இணைப்புகளைக் காரீயத்தால் அடைத்திருந்தார்கள். சில செக்குகளில் காரீயத் தகடே பதித்திருந்தார்கள். டெவன் சைடரைச் சோதித்தபோது காரீயம் இருந்தது. ஹியர்ஃபர்ட் சைடரில் இல்லை. 1767இல் இதை அவர் வெளியிட்டபோது சொந்த ஊரிலேயே கடும் எதிர்ப்பு கிளம்பியது. ஆனாலும் காரீயத்தின் உபயோகம் குறையக் குறைய நோயும் குறைந்தது. பழமும் பானமும் மாறவில்லை. சாறு தொட்ட பொருள்தான் மாறியது.

*பாத்திரம்.* கனடாவின் மான்ட்ரியலில் ஒரு சிறு குழந்தை காரீய நஞ்சால் இறந்ததை 1970இல் ஒரு மருத்துவ இதழ் விவரித்தது. கையால் வனைந்து மெருகேற்றிய மண்ஜாடியில் ஊற்றிவைத்த ஆப்பிள் சாறுதான் காரணம். அந்த மெருகில் காரீயம் இருந்தது. சாற்றின் அமிலம் அதைக் கரைத்துக்கொண்டே இருந்தது. மான்ட்ரியல் வீட்டில் நடந்தது எந்த ஊர்ச் சமையலறையிலும் நடக்கலாம். அதனால்தான் பாத்திரத்துக்குத் தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறோம்.

எவ்வளவு இருந்தால் அதிகம்?

இந்த அளவுகள் 'பிபிபி' கணக்கில் சொல்லப்படும். சாற்றுக்கு அதை எளிதாக இப்படிப் புரிந்துகொள்ளலாம்: 1 பிபிபி என்றால் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 1 மைக்ரோகிராம்.

காரீயத்துக்கு சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் பெரும்பாலான பழச்சாறுகளில் 30 பிபிபி வரை அனுமதிக்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022இல் வெளியிட்ட வரைவில் ஆப்பிள் சாற்றுக்கு 10, மற்றச் சாறுகளுக்கு 20 என்று முன்வைத்தது. ஆப்பிளுக்கு மட்டும் ஏன் கடுமை? அமெரிக்கக் குழந்தைகள் மிக அதிகமாகக் குடிப்பது அதைத்தான்.

ஆர்சனிக் விவகாரம் 2011இல் அமெரிக்காவில் பெரும் சர்ச்சையானது. தொலைக்காட்சி மருத்துவர் மெஹ்மெட் ஆஸ் ஆப்பிள் சாற்றில் ஆர்சனிக் இருப்பதாக அறிவித்தார். மொத்த ஆர்சனிக்கை மட்டும் அளந்துவிட்டு மக்களைப் பயமுறுத்தக் கூடாது, கனிம ஆர்சனிக் எவ்வளவு என்று பார்க்க வேண்டும் என்று அரசு நிர்வாகம் மறுத்தது. அதே ஆண்டின் இறுதியில் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்ற நுகர்வோர் இதழ் ஆப்பிள், திராட்சைச் சாறுகளின் 88 மாதிரிகளைச் சோதித்தது. சுமார் பத்தில் ஒரு பங்கில் மொத்த ஆர்சனிக் 10 பிபிபியைத் தாண்டியிருந்தது; கண்டறியப்பட்ட ஆர்சனிக்கில் பெரும்பங்கு கனிம வடிவம். 10 பிபிபி என்பது அந்நாட்டுக் குடிநீருக்கான வரம்பு. 2013இல் கனிம ஆர்சனிக்குக்கு அதே 10ஐ ஆப்பிள் சாற்றுக்கும் வரம்பாக நிர்வாகம் முன்மொழிந்தது. அது இறுதியானது 2023 ஜூனில். ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு 20. செய்தித்தாளில் ஓர் ஆய்வைப் படிக்கும்போது, அளந்தது மொத்தமா கனிமமா என்று பாருங்கள். அந்த விவரம் இல்லாத எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இனி ஒரு டம்ளர் கணக்கு. 240 மில்லி பிடிக்கும் டம்ளரில் ஆப்பிள் சாறு, அதில் காரீயம் 10 பிபிபி என்று கொள்வோம். அமெரிக்க வரைவின்படி இது ஏற்கத்தக்க சாறுதான்.

0.24 லிட்டர் × 10 மைக்ரோகிராம் = 2.4 மைக்ரோகிராம்.

ஒரு நாளில் எல்லா உணவும் சேர்ந்து காரீயம் இதைத் தாண்டக் கூடாது என்று அதே நிர்வாகம் வைத்திருக்கும் அளவுகோல் குழந்தைகளுக்கு 2.2 மைக்ரோகிராம், குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு 8.8. அதாவது அந்த ஒரு டம்ளர், குழந்தையின் நாள் முழுவதற்குமான அளவைத் தாண்டிவிடுகிறது. தாய்க்கோ அது கால் பங்கைவிடச் சற்றே அதிகம். டம்ளரைப் பாதியாக்கி 120 மில்லி கொடுத்தால் 1.2 மைக்ரோகிராம்தான். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கொடுத்தால் சராசரி இன்னும் வெகுவாக இறங்கிவிடும். சட்ட வரம்புக்குள் இருக்கும் சாறுகூட, குடிக்கும் அளவைப் பொறுத்து ஒரு குழந்தைக்கு அதிகமாகிவிடலாம். அதேபோல, அளவைக் குறைத்தாலே எந்த ஆய்வுக்கூட உதவியும் இல்லாமல் ஆபத்து குறைகிறது.

வாங்கும்போது

1. லேபிளில் உலோக அளவு இருக்காது. அச்சிடும் கட்டாயமும் இல்லை. 'தூய்மை', 'இயற்கை' போன்ற சொற்களை உலோகம் இல்லை என்பதற்கான உறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடர்சாற்றில் தண்ணீர் சேர்த்தவற்றுக்கு '100 சதவீதப் பழச்சாறு' என்று போடுவதை நீக்கும்படி இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. உட்பொருள் பட்டியலைப் படித்தால் அடர்சாறா என்பது தெரிந்துவிடும்.

2. 14 இலக்க உரிம எண், தயாரித்த தேதி, தொகுதி எண் மூன்றும் தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிரச்சினை வந்தால் ஒரு பொருளைத் திரும்பப் பெற இவைதான் ஆதாரம்.

3. ஒரே வகையை, ஒரே கம்பெனியின் சரக்கை மாதக்கணக்கில் வாங்காதீர்கள். இந்த வாரம் ஆரஞ்சு, அடுத்த வாரம் மாதுளை என்று மாற்றினால், ஒரு மூலத்தில் கோளாறு இருந்தாலும் அது உங்கள் வீட்டில் குவியாது. 2019இல் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' மீண்டும் 45 சாறுகளைச் சோதித்தபோது, உலோகங்களின் சராசரி அளவு திராட்சைச் சாற்றில் மற்றவற்றைவிட அதிகமாக இருந்தது.

4. தகர டின் நசுங்கியிருந்தாலும், தையல் ஓரத்தில் துருப்பிடித்திருந்தாலும், உப்பியிருந்தாலும் விலை குறைவு என்று வாங்க வேண்டாம்.

5. ஜூஸ் கடையில் பழத்தைப் பார்ப்பதோடு பிழிந்ததை ஊற்றிவைக்கும் பாத்திரத்தையும் பாருங்கள். எவர்சில்வரோ கண்ணாடியோ நல்லது. பித்தளை அண்டா, செம்புக் குடம், பெயின்ட் அடித்த தகர வாளி என்றால் வேறு கடை பாருங்கள்.

வீட்டில் எதில் வைப்பது?

*கண்ணாடி, எவர்சில்வர்:* பழச்சாறு, எலுமிச்சை ஜூஸ், புளிக்கரைசல், பானகம் எல்லாவற்றுக்கும் இவை ஏற்றவை. காரீயம் கலந்த கனமான அலங்காரக் கண்ணாடிக் குப்பியில் மட்டும் சாற்றை விட்டுவைக்காதீர்கள்.

*செம்பு, பித்தளை:* புளிப்பான எதற்கும் ஆகாது. ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரம் உணவுக்குத் தகுதியற்றது என்று இந்திய விதிகளே சொல்கின்றன. அமெரிக்க உணவு நெறிமுறை, பி.எச். 6க்குக் கீழே உள்ள எந்த உணவும் செம்பைத் தொடக் கூடாது என்று பழச்சாற்றை உதாரணம் காட்டியே சொல்கிறது. செம்புச் சொம்பில் தண்ணீர் வைப்பவர்கள் அதில் எலுமிச்சை பிழிய வேண்டாம். பச்சைக் களிம்பு கண்ணில் படும் முன்பே செம்பு கரையத் தொடங்கியிருக்கும்.

*ஈயம் பூசிய பாத்திரமும் ஈயச் சொம்பும்:* பூசுவதற்கும் வார்ப்பதற்கும் சுத்தமான வெள்ளீயம் மட்டுமே உபயோகிக்க வேண்டும். விலை குறைவு என்று காரீயம் கலந்துவிட்டால் ரசமும் சாறும் அதைக் கரைக்கும். பார்த்தோ தட்டியோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. நம்பகமான இடத்தில் வாங்கியது என்று தெரியாவிட்டால் புளிப்புக்கு அதை எடுக்காதீர்கள்.

*மெருகேற்றிய மண்பாண்டம், பீங்கான் ஜாடி:* உட்புறத்தில் பளிச்சென்ற வண்ணமோ சித்திரமோ இருந்தால், மெருகில் மயிரிழை வெடிப்பு இருந்தால், எங்கே செய்தது என்று தெரியாவிட்டால் அலமாரியில் அழகுக்கு வையுங்கள். மெருகில்லாத சாதாரண மண்பானையில் காரீய மெருகின் பிரச்சினை இல்லை.

*படம் போட்ட டம்ளர்:* குழந்தைகளுக்குப் பிடித்த கார்ட்டூன் படம் விளிம்புவரை அச்சிட்டிருந்தால் தவிர்க்கவும். 2010இல் அமெரிக்காவில் ஒரு துரித உணவு நிறுவனம் விற்ற சுமார் 1.2 கோடி கண்ணாடி டம்ளர்கள், படத்தின் பெயின்ட்டில் காட்மியம் இருந்ததால் திரும்பப் பெறப்பட்டன.

*திறந்த டின்:* அன்னாசித் துண்டு டின்னைத் திறந்ததும் உள்சுவரைப் பாருங்கள். சில டின்களில் வெளிர் பொன்னிறத்திலோ வெள்ளையாகவோ அரக்குப் பூச்சு இருக்கும். சிலவற்றில் வெறும் வெள்ளீயம் பளபளக்கும். மூடியிருக்கும்வரை உள்ளே காற்று மிகக் குறைவு என்பதால் கரைவது மெதுவாக நடக்கும். திறந்ததும் காற்று புகுகிறது. வெள்ளீயம் வேகமாகக் கரையத் தொடங்குகிறது. இரண்டு மூன்று நாள் விட்டால் பளபளப்பு மங்கி, இறகு விரித்ததுபோலச் சாம்பல் திட்டுகள் படரும். சுவரை விட்டுப் போன வெள்ளீயம் சாற்றுக்குள் இருக்கிறது. திறந்த உடனே கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள். டின்னோடு ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். டின்னில் வரும் பானங்களுக்கு கோடெக்ஸ் வைத்திருக்கும் வெள்ளீய வரம்பு கிலோவுக்கு 150 மில்லிகிராம்.

குழந்தை உள்ள வீட்டில்

பெரியவரின் குடல் தனக்கு வரும் காரீயத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை உறிஞ்சுகிறது. சிறு குழந்தையின் குடல் பாதிவரை உறிஞ்சக்கூடும். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த உடம்பு இன்னும் அதிகமாக உறிஞ்சும். வெறும் வயிற்றில் குடித்தாலும் அப்படியே.

ஒரு வயதுக்குள் பழச்சாறே வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2017இல் தந்த அறிவுரை. ஒன்று முதல் மூன்று வயதுவரை ஒரு நாளுக்கு அதிகபட்சம் 120 மில்லி. நான்கு முதல் ஆறுவரை 180 மில்லிக்குள். சர்க்கரையையும் பல் சொத்தையையும் மனத்தில் வைத்துச் சொன்ன அளவுகள் இவை. உலோகத்துக்கும் இவை நல்ல வேலி. சாற்றைப் பால்புட்டியில் ஊற்றி நாள் முழுவதும் உறிஞ்சவிடுவது எல்லா வகையிலும் கெடுதல்.

பழக்கூழ் பாக்கெட் வாங்குபவர்கள் அதில் சேர்த்த மசாலாவையும் கவனிக்க வேண்டும். 2023இல் அமெரிக்காவில் பட்டைத்தூள் சேர்த்த ஆப்பிள் கூழ் பாக்கெட்டுகளால் நூற்றுக்கணக்கான குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம் ஏறியது. பட்டைத்தூளில்தான் கலப்படம். வீட்டில் பழத்தை வேகவைத்து மசித்து, தேவையானால் முழுப் பட்டையை நாமே பொடித்துச் சேர்ப்பது பாதுகாப்பு.

வழக்கமாக எழும் கேள்விகள்

*கொதிக்கவைத்தால் உலோகம் போய்விடுமா?* போகாது. தண்ணீர் ஆவியாகிச் சாறு சுண்டுவதால் உலோகத்தின் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

*துணியில் வடிகட்டினால்?* கரைந்த உலோகம் துணியில் நிற்காது.

*பழத்தைக் கழுவுவதால் பயன் உண்டா?* நிச்சயம் உண்டு. காரீயத்தில் பெரும்பங்கு மேலே படிந்த தூசியிலும் மண்ணிலும்தான். ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவி, காம்புக் குழியையும் சுத்தம் செய்யுங்கள். சதைக்குள் ஏறிவிட்ட காட்மியத்தைக் கழுவி எடுக்க முடியாது.

*இயற்கை விவசாயப் பழமென்றால்?* பூச்சிமருந்து விஷயத்தில் அதற்குப் பலன் உண்டு. பழைய மண்ணில் தங்கிய உலோகம் சாகுபடி முறையைப் பார்த்து விலகாது.

*உடலைச் சுத்தம் செய்யும் பானங்கள் உலோகத்தை வெளியேற்றுமா?* விளம்பரத்தை நம்பிக் காசைச் செலவழிக்காதீர்கள். காரீயத்தை வெளியேற்றும் மருந்துகள் உண்மையில் உண்டு. ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே அவற்றைத் தர வேண்டும்.

சந்தேகம் வந்தால்

சாறு குடித்த சில மணி நேரத்தில் வீட்டில் பலருக்கும் வாந்தி, வயிற்றுப் பிடிப்பு வந்தால் மிச்சத்தைக் கொட்டிவிடாதீர்கள். பெட்டியோடும் ரசீதோடும் தனியாக எடுத்துவைத்து, மருத்துவரைப் பார்த்த பின் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

ஒரு பொருளை நீங்களே சோதிக்கவும் வழி உண்டு. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு, தரநிலைகள் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வாங்குபவர் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் மாதிரியைக் கொடுத்து அறிக்கை பெறலாம். சோதிக்கக் கொடுக்கப்போவதை வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். விதிமீறல் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

குழந்தைக்குக் காரணம் புரியாத ரத்தசோகை, விடாத வயிற்றுவலி, கற்றலில் பின்னடைவு இருந்து, வீட்டில் மேலே சொன்ன பாத்திரங்களும் புழக்கத்தில் இருந்தால், ரத்தத்தில் காரீய அளவைப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், காரீயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து நிறுத்த வேண்டும் என்பது 2021இல் உலக சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டுதல். அப்படிக் கண்டுபிடிக்கும்போது சாற்றோடு நின்றுவிடாமல் மஞ்சள்தூள், பழைய பெயின்ட், கண்மை, நாட்டு மருந்து எல்லாவற்றையும் பட்டியலில் சேருங்கள்.

இன்றே தொடங்க நினைப்பவர்களுக்கு வரிசை இது. முதலில் சமையலறைக்குப் போய்ப் புளிப்பு படும் செம்பு, பித்தளை, வண்ண ஜாடிகளை அந்த வேலையிலிருந்து விலக்குங்கள். செலவே இல்லாமல் அரை மணி நேரத்தில் முடியும். அடுத்து, குழந்தையின் டம்ளரைச் சிறிதாக்குங்கள். மூன்றாவதாக, தினசரிச் சாற்றை வாரத்துக்கு இரண்டு முறையாகக் குறைத்து, மற்ற நாள்களில் பழத்தை நறுக்கிக் கொடுங்கள். ஒரு டம்ளர் ஆப்பிள் சாற்றுக்கு மூன்று நான்கு பழங்கள் போகும்; தட்டில் வைத்தால் குழந்தை ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும், நார்ச்சத்தும் வீணாகாது. ஆலையையும் தோட்டத்து மண்ணையும் திருத்துவது அரசின் பொறுப்பு, அதை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இந்த மூன்று வேலைகளுக்கும் யாருடைய அனுமதியும் தேவையில்லை.